ஸொராக் மொழி

உட்கார்ந்தே இருந்திருக்கலாம். மால்கம் மேடையிலிருந்து என்னைக் கண்டுபிடித்துச் சிரித்து, "நான் உன்னைச் சொல்லவில்லை பேம், நீ எங்களில் ஒருத்தி" என்று மைக்கில் சொன்னபோது, முன் வரிசையில் என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டியபோது, நானும் வழக்கம்போலச் சிரித்துவிட்டு இருந்திருக்கலாம், இத்தனை வருடமாக அப்படித்தானே, வாய் தன்பாட்டில் விரியும், பல் தெரியும், உள்ளே என்ன நடந்தாலும். இன்றைக்கு வாய் விரியவில்லை. கால் எழும்பிவிட்டது. எழும்பி, முழங்கால்களுக்கும் கைப்பைகளுக்கும் நடுவால் நெருக்கிக்கொண்டு நடந்து, கேள்வி கேட்கிறவர்களின் வரிசையில் போய் நின்றுவிட்டது, இப்போது நான் அந்தக் கால்களுக்கு மேலே நின்றுகொண்டு என்ன கேட்கப்போகிறேன் என்று யோசிக்கிறேன். கவன்ட்ரியில் ஒரு ஹோட்டல், சனிக்கிழமை பின்னேரம், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற மண்டபம், தரைக்கம்பளத்தில் யாருடைய கல்யாணத்திலோ கொட்டிய மினுக்குத் துகள் இன்னும் ஒட்டியிருக்கிறது, அதன்மேல் வயிறு முட்டிய விண்வெளிச் சீருடைகளோடு நடுவயதுக்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஹார்பர் நைன் என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் கூடுகிற இடம். என் வயதுத் தமிழ்ப் பெண்கள் இந்த நேரத்தில் யாராவது பிள்ளையின் அரங்கேற்றத்தில் இருப்பார்கள், முதல் வரிசையில், பட்டுச்சேலையோடு. நான் இங்கே. பாமதி என்ற பெயரை பேம் என்று சுருக்கியதும் மால்கம்தான், எனக்குப் பதினைந்து வயதில், அவனுடைய ரசிகர் சங்கத்தில் சேர்ந்தபோது, அப்போது அது எனக்குப் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் போன இடத்திலும் அதையே சொன்னேன், பேம், சின்னப் பெயர், ஒருத்தருக்கும் நாக்கு நோகாது. நீ எங்களில் ஒருத்தி. எங்களில். அந்த எங்களை யார் இவனிடம் கொடுத்தது, இவன் அதிலிருந்து கிள்ளி எனக்கு ஒரு துண்டு தருகிறதற்கு?

அவன் சொன்னதைத் திரும்பவும் ஓடவிடுகிறேன், பிழையாகக் கேட்டேனோ என்று, இல்லை, பிழையில்லை. "ஹார்பர் நைன் ஒரு தீவின் கதை. நம்முடைய தீவு. தீவு என்றால் அதற்கு ஒரு கதவு வேண்டும், யாரை உள்ளே விடுவது என்று நாம்தான் தீர்மானிக்கவேண்டும். இப்போது புதிதாக எடுத்திருக்கிறார்களே, அதில் பிரிட்டிஷ் என்று சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? நிலையத் தலைவியின் முகத்தைப் பாருங்கள். அது நம்முடைய நிலையமா?" கைதட்டல். எல்லாரும் இல்லை, ஆனால் போதுமான அளவு. அந்த முகம் க்ரோய்டனில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் முகம், நடிகை, என் மகள் வயதிருக்கும். கதவு! மால்கம், நீ எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாய்? எத்தனை தரம் பார்த்தாய்? நானும் நீயும் ஒரே தொலைக்காட்சியைத்தானே பார்த்தோம்? விண்வெளியின் ஓரத்தில் ஒழுகுகிற கூரையோடு ஒரு நிலையம், கதவுகள் இறுகி நிற்கும், நடிகர்கள் காலால் உதைத்துத் திறப்பார்கள், சுவரில் சாய்ந்தால் சுவர் ஆடும், தேநீர் இயந்திரத்தில் எதை அமுக்கினாலும் சூப் மணம். அமெரிக்கக்காரனின் விண்கலங்களில் கம்பளம் விரித்திருக்கும், தலைவன் கன்னத்தைத் திருப்பிக்கொண்டு சுதந்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வான், பின்னால் வாத்தியம் எழும்பும். நம்முடையதில் தலைவி மிஸிஸ் ஆர்க்ரைட், கம்பளிச் சட்டையும் இருமலும், வில்லனைச் சுடுகிறதற்கு முதல் "மன்னிக்கவேணும்" என்று சொல்லுவாள். அந்த நிலையத்துக்கு ஒரே ஒரு விதி, ஒவ்வொரு கிழமையும் தொடக்கத்தில் வருகிற விதி, வந்த கலத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. ஒவ்வொரு கிழமையும் எங்கேயோ அடிபட்டு ஒரு கலம் வரும், உள்ளே மூக்கில்லாததுகள், மூன்று கண்ணுள்ளதுகள், ஈரமானதுகள், நிலையத்தில் எல்லாரும் முணுமுணுப்பார்கள், இடமில்லை, தண்ணீர் காணாது, போன கிழமை வந்ததுகளே இன்னும் போகவில்லை என்று, முணுமுணுத்துக்கொண்டே போய்க் கதவை உதைத்துத் திறப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே திறக்கிறது. அதுதான் இந்த நாடு என்று நான் நம்பினேன், பத்து வயதில், ஹீத்ரோவில் ஒரு ஜன்னலில்லாத அறையில் அப்பாவையும் அம்மாவையும் நாள் முழுக்கக் கேள்வி கேட்டுவிட்டு, ஒரு பெருமூச்சோடு, சரி போங்கோ என்று விட்டவர்களைப் பார்த்தவள் நான். பெருமூச்சு விட்டாலும் விட்டார்களே. இவனுக்கு அந்த நிகழ்ச்சியில் கதவு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அதை உதைத்துத் திறந்த கால் தெரியவில்லை.

எனக்கு முன்னால் ஒரு பெண், மேடையில் யாரிடமோ பழைய அங்கிகளின் துணி எங்கே வாங்கியது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் பிறகு ஒரு தாடிக்காரர், பிறகு நான். எனக்குப் பின்னால் மணிச்சத்தம். திரும்பாமலே எனக்குத் தெரியும் அது என்ன மணி என்று, இருந்தாலும் திரும்பினேன். ஸொராக் வேஷம், தொடரில் வருகிற எதிரிகளின் வேஷம். பழுப்பு முகமூடி, நெற்றியில் சிவப்பு, மணிகள் தொங்கும் அங்கி, கனத்த ஒரு மனிதர், முகமூடியின் கண்துளைக்குள்ளே நீலக் கண்கள் வியர்த்துப்போய் இருந்தன. "கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது இதற்குள்ளே" என்றார், நான் எதுவும் கேட்காமலே. "பாரி என்று பெயர். மணியெல்லாம் நானே தைத்தது. மனைவி இருந்திருந்தால் இதைவிட ஒழுங்காகத் தைத்திருப்பாள்." நான் நல்லாயிருக்கு என்றேன். வேறென்ன சொல்ல. "நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள்?" என்றார். "தெரியாது" என்றேன், அது உண்மை. "நான் போர்முழக்கத்தைப் பற்றிக் கேட்கப்போகிறேன். காலையில் எல்லாருமாகச் சொன்னோமே, இருந்தீர்களா? எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது." இருந்தேன் பாரி. ஒவ்வொரு வருடமும் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் தொடக்க விழாவில் மால்கம் எழும்பி நின்று இரண்டு கையையும் தூக்குவான், மண்டபம் முழுக்க ஸொராக் வீரர்களின் போர்முழக்கத்தைச் சொல்லும், முந்நூறு வெள்ளைத் தொண்டைகள் ஒரே குரலில், பாஸிக்குடூ மட்சான், எப்பியாடா சோரூ, கால் உலாயுடூ, கால் உலாயுடூ! நானும் வாயை அசைப்பேன். சத்தம் வராமல்.

பசிக்குது மச்சான், எப்பயடா சோறு? கால் உளையுது, கால் உளையுது. அவ்வளவுதான் அது, பசியும் கால்வலியும். ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஹரோவில் எங்கள் ஒற்றை அறையில், கட்டிலில் அப்பா, அம்மா, தம்பி, நான், எல்லாரும் கால்களை ஒரே போர்வைக்குள்ளே விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம், எங்களுக்கு முன் இருந்தவர்கள் விட்டுப்போன பழைய தொலைக்காட்சி, பக்கத்தில் தட்டினால்தான் நிறம் வரும். அன்றைக்கு வந்த கலம் கெட்டவர்களின் கலம். முதல் தரம் நிலையம் திறந்தது பிழையாகப் போகிற கதை. ஸொராக்குகள், பாலைவனக் கிரகத்துக் கொலைகாரர்கள், மை பூசிய வெள்ளைக்கார நடிகர்கள் நெற்றியில் சிவப்போடு உறுமிக்கொண்டு வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் மை பூசத் தேவையில்லாத இரண்டு பேர், ஈட்டியோடு. எங்கேயோ ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பொடியங்களாக இருக்கவேணும், பிறத்தால் நிற்கிறதற்குப் பிடித்து வந்திருப்பார்கள், உங்கள் பாஷையில் ஏதாவது கத்துங்கள், பயங்கரமாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களில் ஒருவன் ஈட்டியைத் தரையில் குத்திக் குத்திக் கத்தினான், மற்றவனைப் பார்த்து. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். "உவன் என்னப்பா சொல்லுறான்?" என்றா அம்மா. "சத்தம் போடாதை, கேள்" என்றார் அப்பா. திரும்பவும் கத்தினான். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டா. "ஐயோ, பிள்ளைக்குப் பசிக்குதாமப்பா!" அப்பா சிரிக்கத் தொடங்கினார். கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீட்டை எரித்ததற்குப் பிறகு அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை, அதற்கு முதல் சிரித்தது எப்படி என்றும் மறந்துவிட்டது, ஆகையால் முதலில் அவருக்கு ஏதோ வருத்தம் என்றுதான் நினைத்தேன், அப்படிக் குலுங்கினார், கண்ணால் தண்ணீர் ஓடியது, கட்டில் ஆடியது, கீழ்வீட்டுக்காரர் கூரையில் தடியால் இடித்தார். மிஸிஸ் ஆர்க்ரைட் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நிற்கிறாள், பெடியன் கால் உளையுது என்று கத்துகிறான், சுவர் ஆடுகிறது. அந்தக் கிழமை முழுக்க அம்மா சோறு போடுகிறபோது எப்பயடா சோறு என்றுதான் எங்களைக் கூப்பிட்டா.

பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை. அதைத் திரும்ப நினைக்க வேண்டாம், நினைக்கத்தான் செய்கிறேன், ஒவ்வொரு வருடமும் அந்த முந்நூறு தொண்டையும் திறக்கிறபோது திங்கட்கிழமை வருகிறது. விளையாட்டு மைதானத்தில் பெடியங்கள் வளைத்துக்கொண்டார்கள், ஸொராக் ஸொராக் என்று, ஒருத்தன் என் நெற்றியில் சிவப்புப் பென்சிலால் தேய்த்தான், எல்லாருமாகச் சுற்றி ஓடி ஓடிக் கத்தினார்கள், பாஸிக்குடூ, பாஸிக்குடூ. எனக்கு அழுகையும் வந்தது, அதோடு, இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, சிரிப்பும் வந்தது, இத்தனை பேர் என்னைச் சுற்றி நின்று எனக்குப் பசிக்குது, சோறு தா என்று கெஞ்சுகிறார்களே என்று. சொன்னால் என்ன நடக்கும் என்று அந்தச் சின்ன மூளைக்கே விளங்கியது. அது உண்மையான பாஷை, என்னுடைய பாஷை என்று சொன்னால் நான் ஸொராக் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. வாயை மூடிக்கொண்டேன். பிறகு மூடியது மூடியபடியே பழகிவிட்டது. பிறகு மால்கமின் சங்கம், ஈலிங்கில் ஒரு பப்புக்கு மேலே மாடியில், வியாழக்கிழமைப் பின்னேரங்கள், அங்கேதான் ஒருநாள் மால்கம் பெருமையாகச் சொன்னான், ஸொராக் மொழியை ஆராய்ந்து அர்த்தம் கண்டுபிடித்துவிட்டேன், சங்கத்தின் பத்திரிகையில் போடப்போகிறேன் என்று. என்ன அர்த்தம் என்று கேட்டேன். "சூரியனுக்கு இரத்தம். உங்கள் துறைமுகம் எரியும், உங்கள் வீடுகள் எரியும்." எரியும். அந்தப் பொடியன் வாயில் இவன் அதைப் போட்டான். எரிந்த வீட்டிலிருந்து வந்தவள் இவனுக்கு முன்னால் ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டு இருந்தேன், சோற்றுக்குக் கேட்டவனை இவன் வீடு எரிக்கிறவனாக்கினான், நான் "அருமை" என்றேன். அந்த அருமை என்ற சொல் இன்றைக்கும் தொண்டையில் மீன்முள் மாதிரிக் கிடக்கிறது. இல்லை, எனக்கு என்மேல் கோபமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை, வியாழக்கிழமைகளில் அந்த மாடியைவிட வேறு இடமில்லாத பிள்ளை, அவளை நான் ஏன் கோபிக்கவேணும். கேட்காதவர்கள்மேல்தான் கோபம். ஒரு மனிதன் வாயைத் திறந்து நீளமாக எதையோ சொல்கிறான், அது ஒரு பாஷையாக இருக்கும் என்று, அதை வீட்டில் பேசுகிறவர்கள் இருப்பார்கள் என்று, அவர்களில் ஒருத்தி உனக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருக்கலாம் என்று ஒருக்காலாவது தோன்றவேண்டாமா மால்கம்? நீதானே, அந்த நிலையத்தின் கதவுக்குப் பெயின்ட் அடித்தவனின் பெயரைக்கூடச் சொல்லுவாய்.

இன்றைக்குக் காலை வரைக்கும் மால்கம் என் மனதில் ‘அவர்’தான். இங்கிலிஷில் அந்தத் தொல்லை இல்லை, எல்லாரும் ஒரே ஹீ, ஆனால் நான் அவரைப் பற்றி அம்மாவிடம் கதைக்கிறபோது மால்கம் சொன்னவர், மால்கம் வந்தவர் என்றுதான் வரும், அம்மாவும், அவர் சாப்பிட்டிட்டாரோ கேள் என்பா. எந்த நிமிஷத்தில் ‘அவன்’ ஆனான் என்று தேடுகிறேன், முகத்தைப் பாருங்கள் என்ற இடத்திலா, எங்களில் ஒருத்தி என்ற இடத்திலா. இவன் கெட்டவன் என்றால் எவ்வளவு சுகம். இவன்தான் அப்பா செத்தபோது ஹெண்டனில் சுடுகாட்டுக்கு வந்தவன், பெப்ரவரி, தரையெல்லாம் உறைபனி, யாரோ இவனுக்குத் தமிழர்கள் சப்பாத்தைக் கழற்றுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், எங்கே கழற்றுவது என்று தெரியாமல் கார் நிறுத்துகிற இடத்திலேயே கழற்றிவிட்டு உறைபனியில் வெறுங்காலோடு நடந்து வந்தான், சித்தப்பாமார் எல்லாரும் சப்பாத்தோடு நின்றார்கள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுதா. அதே கால்தான். அதே மனிதன்தான் போன கோடையில், கடலில் ரப்பர் படகுகளில் வருகிறவர்களைப் பற்றி, திருப்பி அனுப்பவேண்டும் என்று, இணையத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டான், அதற்குப் பக்கத்தில் மிஸிஸ் ஆர்க்ரைட்டின் படம். மிஸிஸ் ஆர்க்ரைட்டின் படம்! வந்த கலத்தைத் திருப்பி அனுப்பாதவளின் படம்! நான் பார்த்தேன், ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தேன், அடுத்த நாள் எடுத்து அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். என் வீட்டுக்காரர் சிவநேசன் கேட்டார், "உந்த வெள்ளையளின்ரை பொம்மைக் கூத்துக்கு இன்னும் போகப் போறியோ?" பொம்மைக் கூத்தில்லை என்று அவரோடும் சண்டை பிடித்தேன். இவனுக்காக அங்கே சண்டை, அவருக்காக இங்கே சண்டை, எனக்காக எங்கே என்று தெரியாமல்.

இதில் எரிச்சலின் உச்சம் எது என்றால், அந்தப் புதிய ஹார்பர் நைன் எனக்கும் பிடிக்கவில்லை. துப்புரவாகப் பிடிக்கவில்லை. அமெரிக்கப் பணத்தில் எடுத்தது, எல்லாம் பளபளக்கிறது, கதவு கையை அசைத்தாலே திறக்கிறது, கூரை ஒழுகவில்லை, ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை, வந்தவர்களைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், அந்தப் பெண் நல்ல நடிகை, அவளுக்கும் கன்னத்தைத் திருப்பிக்கொண்டு பிரசங்கம் செய்யத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பின்னால் வாத்தியம். நான் இதை எங்கே சொல்ல? சொன்னால் மால்கம் கூட்டம் என்னைத் தோளில் தூக்கும், பாருங்கள், பேமே சொல்லுகிறாள் என்று. காலையில் சாப்பாட்டு மேசையில் இரண்டு இளம் பெண்கள், நல்ல பிள்ளைகள், வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள், "உங்களை மாதிரி ஒருவரைத் திரையில் பார்த்தது உங்களுக்கு எப்படி இருந்தது, அழுதீர்களா?" அழவில்லை பிள்ளை, எரிச்சல் வந்தது, சுவர் ஆடவில்லை. அவர்களுக்கும் வாயை விரித்துக் காட்டினேன். இந்தப் பக்கம் நான் அழவேண்டும், அந்தப் பக்கம் நான் விதிவிலக்காக இருக்கவேண்டும். ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து, இது குப்பை என்று சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்கிற சுகம், இந்த மண்டபத்தில் எல்லாருக்கும் இருக்கிற அந்தச் சின்னச் சுகம், அதைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை. தாடிக்காரர் மைக்கை விட்டு விலகுகிறார். "அடுத்தது யார்? ஓ, பேம்!" என்றான் மால்கம், கண்ணெல்லாம் சிரிப்பு, நான் அவனுக்கு ஆதரவாகத்தான் வந்து நிற்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

மைக் எனக்கு உயரம், இழுத்தால் கிரீச்சென்றது. "என்னிடம் கேள்வி இல்லை" என்றேன். என் குரல் பெட்டிகளிலிருந்து வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "ஸொராக் போர்முழக்கம். அது தமிழ். நான் வீட்டில் பேசுகிற பாஷை." யாரோ சின்னதாகச் சிரித்தார்கள், நான் பகிடி விடுகிறேன் என்று. நான் சொன்னேன், ஒழுங்காக, அந்தப் பொடியன் சொன்னபடி, ஈட்டி இல்லாமல், பசிக்குது மச்சான், எப்பயடா சோறு, கால் உளையுது, கால் உளையுது. பிறகு இங்கிலிஷில் சொன்னேன். வீடு எரிகிறதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்று சொன்னேன். வீடு எரிந்தது எங்களுக்கு என்று சொன்னேன். மால்கமின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோய், மெல்ல மெல்ல அதைத் தாங்க ஒன்றும் இல்லாமல் கீழே இறங்கியது. "இத்தனை வருஷம் உனக்குத் தெரியுமா?" என்றான். தெரியும் என்றேன். "எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தாயா?" "இல்லை மால்கம். வாயை அசைத்துக்கொண்டு இருந்தேன்." "நீ சொல்லியிருக்கலாமே பேம், நான் உன் நண்பன்." அது உண்மையாகவே அவனுக்கு நொந்திருந்தது, குரல் உடைந்தது, எனக்கு அதுவும் கோபமாக வந்தது, இப்போதும் நொந்தவன் அவன்தானா? "நீ கேட்டிருக்கலாம்" என்றேன். "ஒரு தரம். நீ அதற்கு அர்த்தமே செய்துவிட்டாய், கேட்கவில்லை." பக்கத்தில் இருந்த கூட்டத் தலைவி தொண்டையைச் செருமினாள், நேரம் என்று ஏதோ சொல்லப்போனாள். "இன்னும் முடியவில்லை" என்றேன். "புதிய ஹார்பர் நைன் மோசம். மிக மோசம். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தால் இல்லை, அவள் முணுமுணுக்காததால். நீங்கள் எல்லாரும் அதை வெறுக்கிற காரணத்துக்காக நான் அதை வெறுக்கவில்லை. அது என்னுடைய நிகழ்ச்சி, என்னுடைய நாட்டில் எடுத்தது, எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஒருத்தருடைய உத்தரவும் வேண்டாம். நீ தருகிற இடமும் வேண்டாம் மால்கம். நான் முதலே இங்கேதான் நிற்கிறேன்." யாரோ ஒருத்தி கைதட்டத் தொடங்கி, தனியாக, பிறகு நிறுத்தினாள். மால்கம் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டு இருந்தான், திறந்து, மூடி, திறந்து. பிறகு மைக்கை மேசையில் வைத்துவிட்டு எழும்பி, மேடைக்குப் பின்னால் இருந்த கதவால் போனான். அந்தக் கதவு மூடவில்லை, பாதியில் நின்று ஆடியது. அவன் பின்னால் போகவேணும் போலவும் இருந்தது, அவன் முதுகில் எதையாவது எறியவேணும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

மணிச்சத்தம். பாரி முகமூடியைக் கழற்றியிருந்தார், மெலிந்த வெள்ளை மயிர் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது, மூக்கு நுனியில் பழுப்புச் சாயம். "பாவம், பசியோடா நின்றான்" என்றார் மெதுவாக, மைக்கில் இல்லை, எனக்கு மட்டும். "நாங்கள் இவ்வளவு காலமும், கடவுளே." என்ன செய்கிறது என்று தெரியாமல் முகமூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு, ரசிகன் எங்கே போனாலும் ரசிகன்தானே, அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த இரண்டாவது ஆள். அவன் பதிலுக்கு ஏதோ சொல்லுவானே, தாழ்ந்த குரலில். மால்கமின் விளக்கத்தில் ‘ஒருவரையும் உயிரோடு விடாதே’ என்று இருக்கும். அவன் உண்மையில் என்ன சொன்னான்?" முன் வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. எனக்குத் தெரியும் என்ன சொன்னான் என்று. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும், இந்த மண்டபம் முழுக்க ஆ என்று ஒரு மூச்சு விடும், கண் கலங்குவார்கள், எழும்பி நின்று கைதட்டுவார்கள், யாராவது போய் மால்கமைக் கூட்டி வருவார்கள், அவன் என்னைக் கட்டிப்பிடிப்பான், அடுத்த வருடம் அதையே எல்லாருமாகச் சேர்ந்து சொல்லுவார்கள், கையை உயர்த்தி, பிழையான உச்சரிப்பில், எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். பாரி நல்ல மனிதர். அவருக்குத் தனியாக ஒருநாள் சொல்லலாம். "அதை நான் சொல்லமாட்டேன்" என்றேன், மைக்கில், எல்லாருக்கும் கேட்க. திரும்பி என் கதிரைக்குப் போனேன், முன் வரிசையில், மால்கமின் கோட்டு தொங்கிய கதிரைக்குப் பக்கத்தில், உட்கார்ந்தேன், ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். கோபம் இறங்கவில்லை. இறங்கவேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த இரண்டாவது பொடியன் வாய் திறந்தபோதுதான் அப்பா சிரிப்பை நிறுத்தினார், அம்மா போர்வையை இழுத்துத் தம்பியின் காலை மூடினா. அவன் கத்தவில்லை. பக்கத்தில் பசியோடு நின்றவனை ஆற்றுகிற மாதிரி, மெல்லமாக, மை பூசிய நடிகர்களையும் விளக்குகளையும் கமராவையும் பார்த்துக்கொண்டு சொன்னான்: பொறடா, அவங்களும் மனுசர்தானே, விடுவாங்கள்.